முழு சோர்ஸ் கோடு என்று வந்தது, பாதி ஃபைல்கள் இல்லை: சேலத்து சேகோ ஆலையிலிருந்து ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
கணக்குப் பிரிவு,
சேகோ ஆலை, ஆத்தூர் சாலை,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
எங்கள் எடை மேடை மென்பொருளை எழுதித் தந்த நிறுவனம்.

நாள்: 18.12.2024

பொருள்: ஒப்பந்தப்படி ஒப்படைத்த சோர்ஸ் கோடில் (மென்பொருளின் மூல நிரலில்) ஃபைல்கள் விடுபட்டிருப்பதால் ப்ராஜெக்ட் திறக்காதது, பில்ட் ஆகாதது (ஓடும் மென்பொருளாகத் தொகுக்க முடியாதது) குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இந்த ஆலையில் கணக்கையும் கம்ப்யூட்டரையும் பதினான்கு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். பிசிஏ படித்தவள். படித்த காலத்தில் விபி 6-இல் சின்னச் சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தில் உள்ள தொழில்நுட்ப விஷயங்களை யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியதாக நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் நானே திரையில் பார்த்தேன். இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கும் என் அக்கா மகன் கூடவே உட்கார்ந்து பார்த்தான்.

2019-இல் உங்களிடம் எடை மேடை மென்பொருள் வாங்கினோம். மரவள்ளிக் கிழங்கு லோடு உள்ளே வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை, மண் கழிவு, கிழங்கின் மாவுச்சத்து அளவைச் சொல்லும் பாயிண்ட், பாயிண்டுக்கு அன்றைய விலை எல்லாம் சேர்ந்து விவசாயி கையில் ஒரு சீட்டு வர வேண்டும். அதை நன்றாகவே செய்து கொடுத்தீர்கள். முதல் மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. அப்போது எங்களுக்கு உதவிய தம்பி ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுப்பார். அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் எல்லாம் மாறியது.

சோர்ஸ் கோடையும் எங்களுக்குத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதி, அதற்கென்று 40,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினோம். முதலாளிக்கு அப்போது அது வீண் செலவாகத் தோன்றியது. நாளைக்கு நீங்கள் இல்லாமல் போனாலும் ஆலை நிற்கக் கூடாது என்று நான்தான் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். அந்தப் பேச்சுக்கு நான்தான் பொறுப்பு என்பதால் இந்தக் கடிதத்தையும் நானே எழுதுகிறேன்.

அக்டோபரில் இடி விழுந்து எடை மேடையின் எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டர் எரிந்துபோனது. பழைய மாடல் இப்போது வருவதில்லை, புது மாடல்தான் கிடைத்தது. அது எடையை கம்ப்யூட்டருக்கு அனுப்பும் விதம் வேறு. பழையதில் எண்கள் மட்டும் வரும். புதியதில் முன்னால் ஒரு குறியும் பின்னால் கிலோ என்ற அலகும் சேர்ந்து வருகின்றன. உங்கள் மென்பொருள் முதல் ஆறு எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வதால் கடைசி இலக்கம் போய்விடுகிறது. போர்ட் எண் மாறியிருந்ததை விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நாங்களே சரிசெய்துகொண்டோம். ஆனால் எழுத்து வெட்டும் இடத்தை நிரலுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

உங்களிடம் கேட்டபோது, பழைய பதிப்புக்கு இப்போது ஆதரவு இல்லை, புதுப் பதிப்பு வாங்குங்கள் என்றார்கள். சரி, சோர்ஸ் கோடைக் கொடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றேன். நவம்பர் 6-ஆம் தேதி கூரியரில் ஒரு பென்டிரைவ் வந்தது. அதன் மேல் ‘முழு சோர்ஸ்’ என்று ஒட்டியிருந்தது.

நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோ 2022-இல், எல்லா ப்ராஜெக்ட்களையும் சேர்த்துக் காட்டும் சொல்யூஷன் ஃபைலைத் திறந்தோம். அதில் நான்கு ப்ராஜெக்ட்கள். மூன்று திறந்தன. நான்காவது, நீங்கள் ‘காமன்’ என்று பெயர் வைத்திருப்பது, கிடைக்கவில்லை என்ற குறிப்போடு சாம்பல் நிறத்தில் நின்றது. பில்ட் கொடுத்தோம், 143 பிழைகள் வந்தன.

அந்த 143 என்ற எண்ணைப் பார்த்து முதலில் எனக்குக் கை நடுங்கியது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகுதான், வேர் நாலைந்துதான், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை என்று புரிந்தது. அந்த வேர்களை எழுதுகிறேன், தயவுசெய்து உங்கள் டெவலப்பரிடம் அப்படியே காட்டுங்கள்.

பெரியது அந்த ‘காமன்’. சொல்யூஷன் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தால், அந்த ப்ராஜெக்டுக்கான பாதை ஒரு ஃபோல்டர் மேலே ஏறி, பக்கத்து ஃபோல்டருக்குள் போகிறது. அதாவது உங்கள் அலுவலகத்தில் பல வாடிக்கையாளர்களுக்கும் பொதுவாக ஒரே நூலகத்தை வெளியே வைத்திருக்கிறீர்கள். எங்களுடைய ஃபோல்டரை மட்டும் ஜிப் செய்து அனுப்பியதில் அது அங்கேயே நின்றுவிட்டது. மற்ற மூன்று ப்ராஜெக்ட்களும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. வகையோ பெயர்வெளியோ கிடைக்கவில்லை என்று சொல்லும் சிஎஸ்0246 பிழைகளில் பெரும்பாலானவை இதனால் வந்தவை.

அடுத்தது இண்டிகேட்டரோடு பேசும் டிஎல்எல் ஃபைல் (தொகுத்து முடித்த நிரல் நூலகம்). ரெஃபரன்ஸ் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். ப்ராஜெக்ட் ஃபைலில் அதன் முகவரி டி டிரைவில் உங்கள் பழைய டெவலப்பரின் ஃபோல்டரைக் காட்டுகிறது. ப்ராஜெக்டும் டிஎல்எல்லும் ஒரே டிரைவில் இருந்தால் விஷுவல் ஸ்டுடியோ சார்புப் பாதையாக எழுதிக்கொள்ளும், வேறு வேறு டிரைவில் இருந்தால் முழு முகவரியையும் எழுதிவிடும். அந்த முகவரி உலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் உண்டு, அது எங்களிடம் இல்லை. எங்களுக்கு மாற்ற வேண்டியிருக்கும் இடமும் இந்த டிஎல்எல்லை அழைக்கும் இடம்தான்.

மூன்றாவதாக, ஒரு ஃபார்ம் என்றால் மூன்று ஃபைல்கள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்: நிரல் எழுதிய ஃபைல், திரையின் அமைப்பைச் சொல்லும் டிசைனர் ஃபைல், ரிசோர்ஸ் ஃபைல். மொத்தம் 22 ஃபார்ம்களில் மூன்றுக்கு டிசைனரும் ரிசோர்ஸும் இல்லை. ப்ராஜெக்ட் ஃபைலில் பெயர் இருக்கிறது, ஃபோல்டரில் ஃபைல் இல்லை. அதனால் ஃபைலைக் காணவில்லை என்று சொல்லும் சிஎஸ்2001 பிழை. அந்த மூன்றில் ஒன்று விவசாயிக்குச் சீட்டு அடிக்கும் ஃபார்ம்.

நூகெட் பேக்கேஜ்கள், அதாவது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் தயார் நிரல் தொகுப்புகள், பதினொன்று. பேக்கேஜ் ஃபோல்டரை அனுப்பாதது குறையில்லை, ரீஸ்டோர் கொடுத்தால் இறங்கிவிடும், பத்து இறங்கின. பதினொன்றாவது உங்கள் அலுவலகத்துச் சொந்த சர்வரில் மட்டும் இருக்கிறது போல, பொதுத் தளத்தில் அந்தப் பெயரே இல்லை.

எங்களால் முடிந்ததைச் செய்துகொண்டோம். ப்ராஜெக்ட் மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.5-இல் எழுதியிருந்தது. விஷுவல் ஸ்டுடியோ 2022-இல் அந்தப் பதிப்புக்குத் தொகுக்கத் தேவையான டார்கெட்டிங் பேக் கிடையாது, எனவே 4.8-க்கு மாற்றினோம். (4.5-க்கு மைக்ரோசாஃப்ட் 2016 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. 2019-இல் எங்களுக்குப் புதிதாக எழுதும்போது அதை ஏன் எடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.) இரண்டாவது தடவை நீங்கள் மெயிலில் அனுப்பிய ஜிப்பில் இருந்த ரிசோர்ஸ் ஃபைல்களை, இணையத்திலிருந்து வந்தவை என்று விண்டோஸ் தடுத்தது. ப்ராப்பர்ட்டீஸில் போய் அன்பிளாக் செய்தோம். இதெல்லாம் போக இன்னும் 61 பிழைகள் இருக்கின்றன. அவற்றைத் தீர்க்க எங்களிடம் இல்லாத ஃபைல்கள் வேண்டும்.

உங்கள் உதவிப் பிரிவுக்கு நவம்பர் 8 முதல் இன்று வரை ஒன்பது தடவை பேசிவிட்டேன். ஒருவர் விஷுவல் ஸ்டுடியோவை நீக்கிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். இங்கே இணைய வேகத்துக்கு அது முக்கால் நாள் வேலை, போட்டோம். அடுத்தவர் மறைந்திருக்கும் விஎஸ் (.vs) ஃபோல்டரையும் பின் (bin), ஆப்ஜ் (obj) ஃபோல்டர்களையும் அழிக்கச் சொன்னார். பழைய கேஷ் குழப்பம் செய்யும் இடத்தில் அது நல்ல வைத்தியம்தான், இங்கே நோய் அது இல்லை. மூன்றாமவர், கிடைக்காத ப்ராஜெக்டை லிஸ்டிலிருந்து ரிமூவ் செய்துவிட்டு பில்ட் செய்யச் சொன்னார். ‘காமன்’ இல்லாமல் மற்ற மூன்றும் எப்படி நிற்கும்? நான்காமவர் ஓடும் எக்ஸ்இ ஃபைலை டீகம்பைல் செய்து (திரும்ப நிரலாக்கி) எடுத்துக்கொள்ளலாமே என்றார். அப்படி எடுத்தால் நிரலுக்குள் எழுதிய விளக்கக் குறிப்புகள் ஒன்றும் வராது, மாறிகளின் பெயர்களும் பல இடங்களில் மாறிப்போகும். பணம் கட்டி வாங்கியதை நாங்களே ஏன் தோண்டி எடுக்க வேண்டும்?

எல்லோரும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: “எங்க சிஸ்டத்துல ஓடுதும்மா.” ஓடும். உங்கள் சிஸ்டத்தில் அந்த டி டிரைவ் இருக்கிறது, பக்கத்தில் ‘காமன்’ ஃபோல்டர் இருக்கிறது, அந்தப் பதினொன்றாவது பேக்கேஜ் எப்போதோ இறங்கி நூகெட் கேஷில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் சிஸ்டத்தில் ஓடுவது எங்களிடம் ஒப்படைத்ததாக ஆகாது. இதற்கு முன் உங்கள் நிரலையே பார்க்காத ஒரு கம்ப்யூட்டரில் திறந்து, ரீஸ்டோர் கொடுத்து, பில்ட் ஆகி, சீட்டு வெளியே வந்தால்தான் ஒப்படைத்தீர்கள் என்று அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது கிழங்கு சீசன். பிடுங்கிய கிழங்கை இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வைத்தால் மாவு குறையும், பாயிண்ட் இறங்கும், விவசாயிக்கு விலை போய்விடும். வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், கருமந்துறை மலைப் பக்கமிருந்தெல்லாம் லோடு வருகிறது. இப்போது இண்டிகேட்டரைப் பார்த்து ஒரு பையன் கையால் எழுதுகிறான், கார்பன் வைத்து நகல் எடுக்கிறோம், கால்குலேட்டரில் கணக்குப் போடுகிறோம். முன்பு கால் மணி நேரத்தில் முடிந்த லோடு இப்போது முக்கால் மணி நேரம் நிற்கிறது. கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் வண்டிகள்.

நவம்பர் 27-ஆம் தேதி கருமந்துறையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு நிகர எடை 4,710 கிலோ. அவசரத்தில் எழுதிய 7, பில் போட்ட பிள்ளையின் கண்ணுக்கு 1 ஆகத் தெரிந்து 4,110 என்று பணம் கொடுத்துவிட்டார்கள். அறுநூறு கிலோ கிழங்குக்கான காசு. அவர் வீட்டுக்குப் போய்ப் பேரனிடம் கணக்குப் பார்த்து, மறுநாள் பஸ் ஏறி வந்து, “அம்மிணி, என்னமோ குறையுது, நீயே பாரு” என்று சீட்டை நீட்டினார். கோபப்படவில்லை. மீதிப் பணத்தையும் பஸ் காசையும் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கணக்குப் பார்த்தார், வந்தார். பார்க்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கார்பன் நகல்களை எல்லாம் திரும்ப ஒரு தடவை நானே சரிபார்க்கிறேன்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். ‘காமன்’ ப்ராஜெக்ட் முழுவதும், விடுபட்ட மூன்று ஃபார்ம்களின் டிசைனர், ரிசோர்ஸ் ஃபைல்களும், உங்கள் சொந்த பேக்கேஜின் ஃபைலும், இண்டிகேட்டர் டிஎல்எல்லும் வேண்டும். டிஎல்எல்லை சொல்யூஷனுக்கு உள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்து, ரெஃபரன்ஸை அங்கே திருப்பிவிடுங்கள். ஆனால் ‘பின்’ (bin) ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) பயன்படுத்தும் பல இடங்களில் புறக்கணிப்புப் பட்டியலில் ‘பின்’ ஃபோல்டர் இருக்கும், போன தடவையும் அதில்தான் ஏதாவது விடுபட்டிருக்கும் என்பது என் அக்கா மகனின் சந்தேகம். டேட்டாபேஸ் அட்டவணைகளை உருவாக்கும் ஸ்கிரிப்டும் பென்டிரைவில் இல்லை, அதையும் சேருங்கள்.

அனுப்புவதற்கு முன்னால், புதிதாக விண்டோஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் உங்கள் அலுவலக நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு, வெளி இணையத்தை மட்டும் வைத்து ஒரு தடவை பில்ட் செய்து பாருங்கள். அந்தத் திரையை வீடியோ எடுத்து அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

இதற்குப் பத்து நாள் அவகாசம் போதும் என்று நினைக்கிறேன். விடுபட்ட ஃபைல்கள் உங்களிடமே இல்லை, பழைய டெவலப்பரோடு போய்விட்டன என்றால் அதை ஒளிக்காமல் எழுத்தில் சொல்லுங்கள். அப்படியானால் சோர்ஸ் கோடுக்கென்று வாங்கிய 40,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, இண்டிகேட்டர் மாற்றத்தை உங்கள் செலவிலேயே செய்து தர வேண்டும். புதுப் பதிப்பு வாங்கும் பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, பிழைப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்கள், நவம்பர் 27 சீட்டின் இரண்டு நகல்கள் ஆகியவற்றை இதோடு வைத்திருக்கிறேன். காலையில் லோடு இறங்கும் நேரம், போன் எடுக்க முடியாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். உதவிப் பிரிவு வழியாக இல்லாமல், நிரலைத் திறந்து பார்த்த டெவலப்பரே பேசினால் நல்லது. என் அக்கா மகனும் அந்த நேரத்தில் கல்லூரியிலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் இருப்பான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்,
சேகோ ஆலை, சேலம் மாவட்டம்.