4–0 அச்சுப்பிழை அல்ல: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

வணக்கம். 1939ஆம் ஆண்டின் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து (ஃபுட்பால்) அணியைப் பற்றிப் போன சனிக்கிழமை நான் தமிழில் பேசி முடித்ததும், "இவ்வளவையும் எங்கேங்க பிடிச்சீங்க?" என்று பலர் கேட்டீர்கள். நான் எங்கே பிடித்தேன்? பிடித்துக் கொடுத்தவர்கள் வேறு. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர். அயோவா சிட்டிக்கு வந்து ஆறு வருஷமாகியும் ஃபுட்பால் என்றால் எனக்குக் காலால் உதைக்கிற ஆட்டம்தான். பர்டூ பல்கலைக்கழக அணியை அயோவா 4–0 என்று ஜெயித்ததாகப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகிற டச்டவுனுக்கே ஆறு புள்ளியாயிற்றே, நாலு எங்கிருந்து வரும்? பெரியவர் என் மகளிடம் சாக்பீஸ் வாங்கி, கார் நிற்கிற சிமென்ட் தரையில் கோடு கிழித்தார். ஓர் அணியின் பந்து அதன் சொந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே செத்துவிட்டால் எதிரணிக்கு 2 புள்ளி, பெயர் சேஃப்டி. அன்றைக்கு அப்படி இரண்டு முறை. வேறு யாரும் எதுவும் எடுக்கவில்லை. அந்தக் கோடு மழை வரும்வரை கிடந்தது, மகள் அதில் பாண்டி ஆடினாள்.

டிராப் கிக்கையும் அவரே செய்து காட்டினார். பந்தைக் கீழே போட்டு, அது தரையைத் தொட்டு எழும்பும் அந்த நொடியில் உதைக்க வேண்டும். கூம்பு முனைப் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று அதற்கே தெரியாது. மூன்றாவது உதையில் பந்து எங்கள் கூரைத் தகரக் குழாயில் போய் உட்கார்ந்துகொண்டது. அயோவா அணி வீரர் நைல் கின்னிக் நோட்டர் டேம் அணிக்கு எதிராக டச்டவுன் போட்டுவிட்டு, கூடுதல் புள்ளியையும் இப்படித்தான் உதைத்து எடுத்தார். ஆட்டம் 7–6. அந்த ஒரு புள்ளியின் கனம் ஏணி வைத்துப் பந்தை எடுக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவுக்காரர்களுக்கு நன்றி. பென்சில் மட்டும்தான் கொண்டுவரலாம் என்று சொன்னவர்கள், நான் மறந்து போனதும் அவர்களே ஒன்று கொடுத்தார்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் தோழிக்கும் நன்றி. பயிற்சியாளர் எடி ஆண்டர்சன் ஒரு டாக்டர் என்று முதலில் சொன்னது அவள்தான். முந்தைய இரண்டு பருவங்களையும் சேர்த்து இரண்டே ஆட்டம் ஜெயித்திருந்த அணி, அவர் வந்த முதல் வருஷமே ஆறு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றில் வெளியேறியவர் அதே பகுதியில் திரும்ப இறங்க முடியாத காலம் அது. தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர்தான். அந்த அணிக்கு 'இரும்பு மனிதர்கள்' என்ற பெயர் சும்மா வரவில்லை. (மிச்சிகனிடம் 27–7 என்று தோற்றதை நான் வேகமாகத் தாண்டிப் போனதைக் கவனித்தவர்கள் மன்னிக்கவும். 27 புள்ளியையும் டாம் ஹார்மன் ஒருவரே எடுத்தார், அதை எப்படி ஆற அமரச் சொல்வது?)

கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் விருதைப் பெற்றபோது கின்னிக் ஆற்றிய ஏற்புரையின் ஒலிப்பதிவைப் போட்டபோது ஸ்பீக்கர் வயர் இல்லாமல் நான் விழித்தேன். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்த தம்பிக்கு ஒரு பெரிய நன்றி. அவர் இல்லையென்றால், ஐரோப்பாவின் போர்க்களத்தில் அல்லாமல் அமெரிக்க மத்திய மேற்கின் ஆட்டக்களத்தில் போராடக் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி என்று 1939 டிசம்பரில் கின்னிக் சொன்னதை நீங்கள் அவர் குரலிலேயே கேட்டிருக்க முடியாது.

கடைசியாக, பின்வரிசையிலிருந்து கை தூக்கிய பத்தாம் வகுப்புப் பெண்ணே, உனக்கு. கடற்படை விமானி கின்னிக் 1943 ஜூன் 2 அன்று பயிற்சியின்போது வெனிசுவேலாவை ஒட்டிய பாரியா வளைகுடாவில் விழுந்து இறந்தபோது வயது 25 என்று சொல்லிவிட்டேன். "இல்ல ஆன்ட்டி, 24. பிறந்த நாள் ஜூலை 9" என்றாய். பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி. இன்னும் 37 நாள் இருந்தது.

நன்றியுடன்,
அன்று பேசியவள்