சதவீதத்தோடு இரண்டு எண்களையும் போடுங்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், தலைப்பு எழுதும் உதவி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவன் நான். சதவீதம் நடத்தும்போது செய்தித்தாளை வகுப்புக்கு எடுத்துப்போவது வழக்கம். ஆனால் அதை வைத்துக் கரும்பலகையில் கணக்குப் போட ஆரம்பித்தால் பல நேரம் பாதியிலேயே நின்றுவிடுகிறோம். '40 சதவீதம் உயர்வு' என்று தலைப்பு இருக்கும். எதிலிருந்து எதுவரை என்பது கடைசி வரி வரை இருக்காது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சதவீதம் வரும் இடத்திலேயே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். புதிய மதிப்பிலிருந்து பழையதைக் கழித்து, வருகிற வித்தியாசத்தைப் பழைய மதிப்பால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 40 என்பது 50 ஆனால் 25 சதவீத உயர்வு. அந்த 50 திரும்பவும் 40 ஆனால் 20 சதவீதக் குறைவு. ஏறியதும் 10, இறங்கியதும் 10; வகுக்கும் எண் மாறிவிட்டதால் சதவீதமும் மாறிவிட்டது. பிள்ளைகள் முதலில் இதை நம்பவே மாட்டார்கள். தாங்களே போட்டுப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வார்கள்.

வாசகருக்குப் போட்டுப் பார்க்க எண்ணே கிடைப்பதில்லை. ஒரு வாரம் 'நோயாளிகள் எண்ணிக்கை 40 சதவீதம் அதிகரிப்பு', மறு வாரம் '40 சதவீதம் குறைவு' என்று வந்தால், பழைய நிலைக்கே வந்துவிட்டோம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 500 பேர் 700 ஆகிறார்கள், 700-இல் 40 சதவீதம் 280, மிஞ்சுவது 420. முதலில் குறைந்து பிறகு கூடினாலும் 500, 300, 420 என்று அதே இடத்தில்தான் வந்து நிற்கும். ஆரம்பத்தைவிட 16 சதவீதம் குறைவு. 500, 700, 420 என்று மூன்று எண்களைப் போட்டிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது, அடிப்படை ஆண்டை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. ஒரு துறையின் உற்பத்தி ஒரு வருடம் 100, அடுத்த வருடம் 60, அதற்கடுத்த வருடம் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கடந்த ஆண்டைவிட 50 சதவீத வளர்ச்சி' என்று செய்திக்குறிப்பு வரும். கணக்கில் தப்பே கிடையாது. ஆனால் அந்தத் துறை இன்னும் பழைய அளவைவிட 10 சதவீதம் கீழேதான் இருக்கிறது. வந்த குறிப்பை அப்படியே தலைப்பாக்கினால், சரிந்த ஆண்டை அளவுகோலாக எடுத்தவருடைய பேச்சை நாமும் சேர்ந்து பேசியதாகிவிடும். அதற்கு முந்தைய ஆண்டின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கேட்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது, வாசகருக்கு இல்லை.

எண் இல்லாத சதவீதம் மனிதர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததே சாட்சி. சிலவகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. இரண்டு மடங்கு என்றால் 100 சதவீத உயர்வு. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த பாதிப்பு, இருவருக்கு என்று ஆகியிருந்தது. இரண்டுமே ஒரே தகவல்தான். ஆனால் மக்கள் காதுக்குப் போனது முதல் வடிவம். பலர் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டது. கர்ப்பத்திலும் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அதுவும் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். 'ஏழாயிரத்தில் ஒன்று, இரண்டாகிறது' என்று எழுத எவ்வளவு இடம் பிடித்திருக்கும்?

இன்னும் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட்டி விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6 ஆனால் அது 2 சதவீதப் புள்ளிகள் உயர்வு, அல்லது 50 சதவீத உயர்வு. '2 சதவீதம் உயர்வு' என்றால் 4.08 ஆகிவிடும். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று எட்டு ஆண்டுகள் வளர்ந்தால் மொத்த வளர்ச்சி 80 சதவீதம் அல்ல, ஏறக்குறைய 114 சதவீதம். மூன்று மடங்கானது என்றால் 200 சதவீத உயர்வு, 300 அல்ல. ஆட்களின் எண்ணிக்கை 100 சதவீதத்துக்கு மேல் குறையவே முடியாது; அப்படி ஒரு வரி வந்தால் அச்சுக்குப் போகுமுன் நிறுத்திவையுங்கள். பழைய மதிப்பு சுழியம் என்றால் சதவீதமே கிடையாது, எண்ணை மட்டும் சொன்னால் போதும். நஷ்டம் லாபமாக மாறியதையும் சதவீதத்தில் சொல்ல வேண்டாம். ஒன்று மூன்றானதை '200 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் போடுவதும் வேண்டாம்.

தலைப்பில் இடம் போதாது என்பது எனக்குத் தெரியும். தலைப்பில் சதவீதம் இருக்கட்டும். முதல் பத்தியில் இரண்டு எண்களும், அவை எந்தக் காலத்தவை என்பதும் வந்துவிட வேண்டும். சதவீதம் தப்பாக வந்துவிட்டால், மறுநாள் திருத்தம் போடும்போதும் அந்த இரண்டு எண்களோடு போடுங்கள். எங்கள் வகுப்பில் அதையும் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்