உன் மகன் போகும் கடல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகன் தேர்டு மேட்டாக (மூன்றாம் அதிகாரியாக) சரக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்று படித்ததும் எனக்கே பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. சிங்கப்பூரிலிருந்து தைவானின் காவ்சியுங் துறைமுகம், தென் சீனக் கடல் வழி என்று எழுதிவிட்டு, "அந்தக் கடல் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் எழுதி முடிக்க மனம் வரவில்லை, அதனால்தான் தாமதம்.

தங்கச்சியிடம் முதலில் இதைச் சொல்லிவிடு. சரக்குக் கப்பல்கள் அங்கே நாள் தவறாமல் போய்வருகின்றன. ஸ்ப்ராட்லி திட்டுகள் இருக்கும் பகுதியைக் கடல் வரைபடத்திலேயே 'அபாயப் பகுதி' என்று போட்டிருப்பார்கள், நினைவிருக்கிறதா? பெரிய கப்பல்களின் தடம் அதை ஒதுக்கித்தான் போகும். யாரும் இவனை மறிக்கப் போவதில்லை.

ஆனால் காதில் விழும். என் கடைசிக் கப்பலில், நள்ளிரவு வாட்சில், எல்லாக் கப்பலும் காது வைத்திருக்கும் விஎச்எஃப் ரேடியோ 16ஆம் சேனலில் இரண்டு குரல் கேட்டேன். "இது எங்கள் கடல், உடனே வெளியேறுங்கள்" என்றது ஒன்று. "சர்வதேசக் கடலில் சட்டப்படிதான் செல்கிறோம்" என்றது இன்னொன்று. மறுபடியும் அதே வாக்கியம், அதே பதில். இரண்டு பேருமே தாளைப் பார்த்துப் படிக்கிறார்கள் என்று தெரிந்தது. ரேடாரில் இரண்டு புள்ளிகளும் நெருங்கிக்கொண்டே போயின. நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றிருந்தேன்.

சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடக்கும் இந்தச் சண்டை பெரும்பாலும் வேவு பார்ப்பதில்தான் ஆரம்பிக்கிறது. 2009 மார்ச்சில் இம்பெக்கபிள் என்ற அமெரிக்கக் கப்பல் ஹைனான் தீவுக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, நீர்மூழ்கிகளின் ஓசையைப் பிடிக்கும் சோனாரைக் கேபிளில் இழுத்துக்கொண்டு மெதுவாக ஓடியது. ஹைனானில் சீனாவின் நீர்மூழ்கித் தளம் இருக்கிறது. ஐந்து சீனக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. ஒரு படகு 25 அடி வரை வந்துவிட்டது. இம்பெக்கபிளில் பீரங்கி கிடையாது, ஆட்களிலும் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சிவிலியன் மாலுமிகள். தீயணைப்புக் குழாயைத் திருப்பித் தண்ணீர் அடித்தார்கள். விலகிப் போகப் பார்த்தபோது சீனர்கள் முன்னால் மரக்கட்டைகளை வீசி நிறுத்தவைத்தார்கள். நீண்ட கழியால் கேபிளைக் கொக்கி போட்டு இழுக்கவும் முயன்றார்கள். பின்னால் அவ்வளவு கேபிள் கிடக்கும்போது ஓடுகிற கப்பலைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு எட்டு வருடம் முன்பு, 2001 ஏப்ரல் 1 அன்று, இதே ஹைனான் பக்கம் வானத்தில் இது உயிரையே வாங்கியது. அமெரிக்காவின் இபி-3 வேவு விமானத்தோடு சீனப் போர் விமானம் ஒன்று மோதியது. சீன விமானி வாங் வெய் கடலில் போனவர் போனவர்தான். ஹைனானில் அவசரமாக இறங்கிய 24 அமெரிக்கர்களைப் பதினொரு நாள் பிடித்துவைத்திருந்தார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருந்தாய். கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் கடற்படைகளுக்குத் தடையில்லை என்பது அமெரிக்காவின் வாதம். 200 கடல் மைல் வரையுள்ள, மீன், எண்ணெய் போன்ற வளங்களில் கரை நாட்டுக்கு உரிமையுள்ள பொருளாதார மண்டலத்தில் ராணுவ வேவு கூடாது என்கிறது சீனா. இதில் நம் நாடு நிற்கும் இடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1995இல் கடல் சட்ட உடன்படிக்கையை ஏற்றபோது, நம் மண்டலத்தில் அனுமதியில்லாமல் பிற நாடுகள் ராணுவப் பயிற்சி நடத்தக் கூடாது என்று இந்தியாவும் எழுதிக்கொடுத்திருக்கிறது. 2021 ஏப்ரலில் லட்சத்தீவுக்கு மேற்கே அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று கேட்காமலே போனபோது டெல்லி ஆட்சேபம் தெரிவித்தது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் சீனாவை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடல் யாருக்குச் சொந்தம் என்ற விஷயம் வேறு. வரைபடத்தில் ஒன்பது கோடு போட்டு ஏறக்குறைய முழுக் கடலுக்கும் சீனா கொண்டாடும் உரிமைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று 2016 ஜூலை 12 அன்று சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பு சொன்னது. சீனா அதை ஏற்கவே இல்லை.

சட்டத்தைவிட என்னை வதைப்பது ஒன்று இருக்கிறது. "குறுக்கே வரும் கப்பல் உன் ஸ்டார்போர்டு (வலது) பக்கம் தெரிந்தால் வழி விட வேண்டியவன் நீ" என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி நமக்குப் பாடம் நடத்தினார்கள். சீக்கிரம் திருப்பு, தெளிவாகத் திருப்பு என்றார்கள். அதே பாடத்தைப் படித்தவர்கள்தான் இன்று இன்னொரு கப்பலின் மூக்குக்கு நேரே வேண்டுமென்றே சுக்கான் பிடிக்கிறார்கள். 2018 செப்டம்பரில் கேவன் திட்டருகே சீனாவின் லான்ஜோ போர்க்கப்பல், அமெரிக்காவின் டெகாட்டர் போர்க்கப்பலுக்கு 45 கஜ தூரத்தில் குறுக்கே வந்தது. அந்தத் தூரத்தில் எந்த எஞ்சினும் காப்பாற்றாது.

2025 ஆகஸ்ட் 11 அன்று அதுதான் நடந்தது. ஸ்கார்பரோ திட்டருகே பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் கப்பலைத் துரத்திய சீனாவின் காவல் கப்பலும் சீனக் கடற்படையின் டெஸ்ட்ராயர் போர்க்கப்பலும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. வீடியோவை நான்கைந்து முறை பார்த்தேன். காவல் கப்பலின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. மோதுவதற்குச் சற்று முன்பு முன்தளத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. துரத்தப்பட்ட பிலிப்பைன்ஸ்காரர்கள் ரேடியோவில் கூப்பிட்டு, மருத்துவ உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

இதை நிறுத்த வழியே இல்லாமல் இல்லை. 1967இல் ஜப்பான் கடலில் அமெரிக்க, சோவியத் கப்பல்கள் உரசிக்கொண்ட பிறகு, 1972 மே மாதம் மாஸ்கோவில் இரண்டு கடற்படைகளும் ஒப்பந்தம் போட்டன. குறிவைப்பது போலப் பீரங்கியைத் திருப்பாதே, வேவு பார்த்தாலும் தள்ளி நின்று பார், வருடம் ஒருமுறை உட்கார்ந்து பேசு என்று எளிமையான விதிகள். 1988இல் கருங்கடலில் மறுபடி இடித்துக்கொண்டார்கள் என்றாலும் பேச்சு நிற்கவில்லை. 2014இல் சீனாவின் சிங்தாவோ நகரில் இருபதுக்கும் மேற்பட்ட கடற்படைகள் ஒப்புக்கொண்ட விதிகளும் நல்லவைதான். ஆனால் அவை கடற்படைக்கானவை. இன்று முன்னால் வந்து இடிப்பவை வெள்ளைச் சாயம் பூசிய காவல் கப்பல்கள். அவற்றையும் உள்ளே கொண்டுவரும் வரை நிம்மதி இருக்காது என்பது என் கருத்து.

மகனுக்கு ஒன்று சொல்லிவை. அந்தப் பக்கம் ரேடாரை மட்டும் நம்பாமல் பைனாகுலரோடு பிரிட்ஜ் விங்கில் (கப்பலை ஓட்டும் அறையின் பக்கவாட்டு மேடையில்) நிற்கட்டும். 2019 ஜூனில் ரீட் திட்டருகே நங்கூரமிட்டிருந்த பிலிப்பைன்ஸ் மீன்படகு ஒன்றை இரவில் ஒரு சீனப் படகு இடித்துவிட்டுப் போய்விட்டது. தண்ணீரில் தத்தளித்த 22 பேரையும் தூக்கியது ஒரு வியட்நாம் மீன்படகு. அவ்வளவு சின்ன விளக்குகளை இருட்டில் தேடிப் பார்ப்பதுதான் தேர்டு மேட்டின் வேலை.

காவ்சியுங் சேர்ந்ததும் எனக்கும் ஒரு வரி போடச் சொல். 16ஆம் சேனலில் ஏதாவது கேட்டால் நேரத்தோடு குறித்துக் கொண்டுவரட்டும்.

அன்புடன்,
உன் பழைய கேபின் கூட்டாளி