ஓடாத காருக்கு ஏன் கூடுதல் விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சொகுசு கார் வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே மாதிரி வண்டிகளை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்காக, பணம் கைமாறும் முன் வண்டியைப் பார்த்துச் சொல்கிறேன். (நான் ஓட்டுவது ஒரு பழைய வேகன் ஆர். அதையும் சொல்லிவிடுவது நல்லது.) அந்த ஒரு வரியை நம்பி லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் ஒருவருக்காக இரண்டு வண்டிகளைப் பார்த்தேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருடம். பெயர் வேண்டாம், சொன்னால் சொந்தக்காரர்கள் யாரென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். ஒன்று 12,000 கிலோமீட்டர் ஓடியது. போட் கிளப் பக்கம் ஒரு பங்களாவில் உறை போட்டு நின்றது. இன்னொன்று 40,000. அதன் சொந்தக்காரர் ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆரில் புதுச்சேரி வரை போய் வருவார். அவ்வப்போது பெங்களூரும் உண்டு. முதல் வண்டிக்கு 25 லட்சம் கூடுதலாகக் கேட்டார்கள். என்ன காரணம் என்று கேட்டால், மீட்டரைக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

இரண்டிலும் கம்ப்யூட்டரை மாட்டி, இன்ஜின் ஓடிய மணிக்கணக்கை எடுத்தோம். போர்ஷே போன்ற கார்களில் இந்தக் கணக்கு இன்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகியிருக்கும். இரண்டு வண்டியிலும் கிட்டத்தட்ட 800 மணி நேரம்! வகுத்துப் பாருங்கள். 40,000 ஓடிய வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். 12,000 ஓடியதன் சராசரி 15. அண்ணா சாலையிலும் நுங்கம்பாக்கத்திலும் சிக்னல் சிக்னலாக ஊர்ந்திருக்கிறது. மற்ற நாட்களில் பேட்டரி இறங்காமல் இருக்க, டிரைவர் வாரம் ஒருமுறை வாசலிலேயே ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் விட்டு அணைத்திருக்கிறார். இது காருக்குச் செய்யும் உபகாரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இன்ஜின் ஆயில் நன்றாகச் சூடாகும்வரை ஓடினால்தான் அதில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகும். வாசலில் நின்று உறுமிவிட்டு அடங்கும் வண்டியில் அது நடப்பதில்லை.

கிளட்ச் விஷயம் இன்னும் மோசம். லம்போர்கினியின் பழைய கல்லார்டோ மாடலில் வந்த இ-கியர், பழைய ஃபெராரிகளின் எஃப்1 என்ற கியர்பாக்ஸ் எல்லாம் கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகவே இயங்கும் ஒற்றை கிளட்ச் வைத்தவை. தி.நகர் நெரிசலில் அரை அடி அரை அடியாக நகர்த்தினால் கிளட்ச் தேய்ந்தே போகும். நெடுஞ்சாலையில் மேல் கியரில் மணிக்கணக்காகப் போகிற வண்டியில் அதற்கு வேலையே இல்லை. தேய்மானம் எத்தனை சதவீதம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். வாங்குகிறவர்களில் அந்த அறிக்கையைக் கேட்பவர் அபூர்வம்.

அப்புறம் வயசு என்று ஒன்று இருக்கிறது. மீட்டர் நின்றாலும் ரப்பருக்கு வயசாகிக்கொண்டுதான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் முழுசாக இருக்கிறதே என்று மகிழ்ந்து போகாதீர்கள், அந்த டயர் இறுகிப்போயிருக்கும். ஆயில் சீல், கூலன்ட் ஹோஸ் கதையும் இதேதான். எஃப்430 மாடல் வருவதற்கு முந்தைய வி8 (எட்டு சிலிண்டர்) ஃபெராரிகளில், இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை உண்டு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். எஃப்355 மாடலில் அதற்காக இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். ஃபெராரி தனது 7 ஆண்டுப் பராமரிப்புத் திட்டத்திலேயே 20,000 கிலோமீட்டர் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் என்று வைத்திருக்கிறது.

இதில் நம் ஊர் வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கின்றன. பழைய ஃபெராரிகளின் உள்ளே இருக்கும் சுவிட்சுகளின் மேல்பூச்சு உருகிக் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். டேஷ்போர்டுத் தோல் சுருங்கி ஓரத்தில் பிரிந்துவரும். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் வீடுகளில் நிற்கும் வண்டிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தால் போல்ட்டெல்லாம் துரு. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கிலோமீட்டருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. சஸ்பென்ஷன் புஷ், கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க், முன்பக்கக் கண்ணாடியில் கல் பட்ட தழும்பு, இதெல்லாம் ஓட ஓட வருவதுதான். செராமிக் டிஸ்க் நான்கையும் மாற்ற ஆகும் செலவில் ஒரு புது கார் வாங்கலாம். சேகரிப்பவர்களுக்கான கார்களில் மீட்டர்தான் ராஜா என்பதையும் மறுக்கவில்லை. 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் பெபிள் பீச் ஏலத்தில், வெறும் 242 மைல் ஓடிய மெக்லாரன் எஃப்1 என்ற கார் ஒன்று, 2 கோடி டாலருக்கு மேல் போனது. அதை வாங்கியவர் அதில் ஏறிக் காய்கறி வாங்கப் போகமாட்டார். நம் ஊரில் வாங்கப்படும் வண்டிகள் அந்த ரகம் இல்லையே! இங்கே ஒருவர் ஒன்றரைக் கோடி கொடுத்து வாங்குவது ஓட்டுவதற்காக.

அப்படியானால் அதிகம் ஓடிய வண்டியின் விலை ஏன் இவ்வளவு இறங்குகிறது? பயம். வாங்குகிறவர் நாளை தான் விற்கும்போது அடுத்தவர் என்ன சொல்வாரோ என்று பயப்படுகிறார். அந்த அடுத்தவரும் அவருக்கு அடுத்தவரை நினைத்துப் பயப்படுவார். சாதாரண கார் 50,000 ஓடியிருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை; அதே எண் லம்போர்கினியில் இருந்தால் ஆள் பின்வாங்குகிறார். இங்கிலாந்தில் ஒரு லம்போர்கினி முர்சியேலாகோ இரண்டரை லட்சம் மைலைத் தாண்டி ஓடியிருக்கிறது. நல்ல பதிவேடுகளோடு 40,000, 50,000 ஓடிய வண்டியின் விலை ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதற்கு மேல் நீங்கள் ஓட்டினால் பெரிதாக இறங்க ஒன்றுமில்லை. 8,000 ஓடியதை வாங்கினால் ஒவ்வொரு ஞாயிறும் பணம் கரைவதாகத் தோன்றி, கடைசியில் அதுவும் உறைக்குள்ளேயே நிற்கும்.

வெள்ளத்தைச் சொல்லாமல் விட்டால் நான் சென்னைக்காரன் இல்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அடித்தளப் பார்க்கிங்குகளில் மூழ்கிய வண்டிகளின் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது சும்மா இல்லை. சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள்.

எண்ணுக்கு இவ்வளவு விலை இருப்பதால்தான் மீட்டரைக் குறைத்துவைக்கும் தொழிலும் நடக்கிறது. பெல்ஜியத்தில் 2006 முதல், பழைய கார் விற்கும்போது ஓடிய கிலோமீட்டரின் வரலாற்றுச் சான்றிதழ் தந்தே ஆக வேண்டும். பிரிட்டனில் ஆண்டுச் சோதனையில் பதிவான மைல் கணக்கை யார் வேண்டுமானாலும் அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம் வண்டிகளும் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகத்தானே செய்கின்றன? அங்கேயே மீட்டரைப் படம் பிடித்து, மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றினால் போதும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீத ஆயுள்கால வரி வாங்கும் தமிழக அரசு இதை மத்திய அரசிடம் கேட்டு வாங்கலாம்.

அதுவரை உங்கள் வரி விளம்பரப் பகுதியில் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். கார் விற்பவரிடம் கிலோமீட்டரைக் கேட்கும்போதே, கடைசி சர்வீஸ் தேதியையும் டயர் தயாரான ஆண்டையும் கேட்டு அச்சிடுங்கள். விளம்பரத்துக்கு ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் சர்வேயர்,
நங்கநல்லூர், சென்னை