எல்.கே.ஜி.க்கு வந்திருக்கும் வெளிமாநிலப் பிள்ளைகளைப் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் எல்.கே.ஜி.யில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பீகாரிலிருந்து வந்த ஒரு குழந்தை, பள்ளியில் சேர்ந்து மூன்றாவது நாள், மிஸ்ஸின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "சூசூ, சூசூ" என்றது. ஷூவைச் சொல்கிறது என்று நினைத்து மிஸ் குனிந்து லேஸைக் கட்டிவிட்டார். குழந்தை அழுத்தி மறுபடியும் சொன்னது, அவர் அடுத்த காலையும் இறுக்கிக் கட்டினார். பாவாடை நனைந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது, நம் பிள்ளைகள் "ஒண்ணுக்கு" என்பதை அந்த வீட்டில் சூசூ என்பார்களாம். வீட்டில் சொல்லிக்கொடுத்ததை அது ஒழுங்காகத்தான் சொன்னது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. சாயங்காலம் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாளே வகுப்புக் கதவுக்குப் பின்னால் ஒரு சார்ட் ஒட்டினோம். தண்ணீருக்கு இந்தியில் பானி, ஒடியாவில் பாணி. பசிக்கு இந்தியில் பூக், ஒடியாவில் போகொ. இதைப் பாருங்கள், பசியில் ஒரு ஒடிசா குழந்தை "போகொ" என்றால் வீட்டுக்குப் போக அடம்பிடிக்கிறது என்றுதானே நாம் நினைப்போம்? மிஸ்ஸும் ஆயாவும் இப்போது இந்தச் சொற்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

தன்பாத் ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து திருப்பூரில் இறங்கி, லைன் வீட்டில் ஒற்றை அறை பிடித்து, பனியன் கம்பெனியில் அம்மா செக்கிங் வேலைக்கும் அப்பா டெய்லர் வேலைக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் நம் பள்ளியில் எத்தனை! வந்த புதிதில் வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மறந்திருக்காது.

சில பெற்றோர் என்னிடம் வந்து, இவர்களோடு உட்கார்ந்தால் எங்கள் பிள்ளைக்குத் தமிழ் கெட்டுவிடுமா என்று கேட்டீர்கள். கெடாது. வீடு, தெரு, கடை எல்லாமே தமிழாக இருக்கும் பிள்ளைக்கு, கூட இருப்பவன் பேசும் நாலு சொல்லால் எதுவும் குறையாது. புதிதாக வந்த பிள்ளைகள் சில வாரமோ சில மாதமோ வாயே திறக்காமல் இருக்கலாம், அது மந்தம் இல்லை, கேட்டுச் சேர்த்து வைக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் திடீரென்று "மிஸ், இவன் தள்ளுறான்" என்று முழுதாக வரும். அதுவரைக்கும் அவர்கள் வீட்டு மொழியை விடச் சொல்லி யாரும் புத்தி சொல்ல வேண்டாம், நான் அந்தப் பெற்றோரிடம் வீட்டில் உங்கள் மொழியிலேயே நிறையப் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒன்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். "இந்திக்காரப் பையன்" என்று பிள்ளைகள் வகுப்பில் கூப்பிடுகிறார்கள், அது வீட்டிலிருந்துதான் வருகிறது. அதில் பாதிப் பேர் வீட்டில் ஒடியாவோ வங்காளமோ பேசுகிறவர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத்தாரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது இந்தக் குடும்பங்கள் எவ்வளவு பயந்தன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

டிபன் பாக்ஸைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம். ஒடிசாவின் பகாளா நம் பழைய சோறுதான், தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்தது. பீகாரில் "சத்து" என்று சொல்லும் மாவு வறுத்த கொண்டைக்கடலையில் அரைப்பது, நம் பொட்டுக்கடலை மாவுக்குப் பக்கத்துச் சொந்தம்.

சான்றிதழ் பற்றி: வயதுச் சான்று இல்லையென்று பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அது ஆறு வயதிலிருந்துதான் என்றாலும் நம் எல்.கே.ஜி.யிலும் அதே வழக்கம்தான், காகிதம் மெதுவாக வரட்டும்.

பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றியிருக்கிறோம், ஷிப்ட்டுக்குப் போகிறவர்களும் வர வேண்டும் என்பதற்காக. இந்தக் கடிதத்தையே இந்தியிலும் ஒடியாவிலும் வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிறோம், படித்துத் தந்தது நம் பள்ளி அப்பாக்கள் இரண்டு பேர். ஞாயிறு வரும்போது பக்கத்து லைன் வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தனியாகக் கேட்டைத் தாண்டி வர அவர்களுக்குத் தயக்கமாக இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்