பேப்பர் கிழிக்கும் பேரன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் உங்கள் நாளிதழுக்கு இரண்டு பேர் காத்திருக்கிறோம். ஒருத்தி நான். காலை ஆறரைக்குக் காப்பியோடு படிக்கிறேன். இன்னொருவன் என் மகள் வயிற்றுப் பேரன், இரண்டரை வயது. நான் படித்து முடித்த பக்கங்களை அவன் கிழிக்கிறான். சில நாள் முடிக்காத பக்கங்களையும்தான்.

கிழிக்கட்டும் என்று நான்தான் கொடுக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு கையாலும் தாளை இறுக்கிப் பிடித்து இழுப்பான். தாள் வராது, அவனுக்கு அழுகை வரும். மேல் ஓரத்தில் நகத்தால் சின்னதாக ஒரு கீறல் விட்டுக் கொடுத்து, ஒரு கையை முன்னாலும் இன்னொரு கையை பின்னாலும் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தேன். நாலு நாளில் பிடிபட்டுவிட்டது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ரிப்பன் மாதிரி நேராக வரும், பக்கவாட்டில் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். காகித நார்களின் ஓட்டம் அப்படி. இது அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. இப்போது தாளைக் கையில் வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பார்த்து, நேராக வருகிற பக்கமாக வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறான். முடிந்ததும் கை முழுக்க மை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தின்பண்டம் எதுவும் கொடுப்பேன். பஜ்ஜியைப் பேப்பரில் மடிக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்வதும் இந்த மைக்காகத்தானே.

நான் மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் 31 வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தவள். குழந்தைகள் மையம் என்று போர்டு மாறியது, அங்கன்வாடி என்றார்கள். ஊருக்கு நான் கடைசிவரை பால்வாடி டீச்சர்தான். ஓய்வு பெற்ற பிறகு தாம்பரம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன்.

போன வாரம் கீழ்வீட்டில் ஒன்று நடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. கீழ்வீட்டுப் பெண் வேலைக்குப் போகிறவள், மூன்று வயதில் ஒரு பெண்குழந்தை. போனை விட்டுப் பிள்ளையைப் பிரிக்க வேண்டும் என்று, ‘வீட்டிலேயே செய்யலாம், செலவே இல்லை’ என்கிற ஒரு வீடியோவைப் பார்த்து வேலையில் இறங்கிவிட்டாள். கலர் கலராகப் பஞ்சு உருண்டை, பசை ஒட்டும் துப்பாக்கி, ஃபெல்ட் துணி, ஒட்டுகிற கண்கள், ஃபுட் கலர். எல்லாம் ஆன்லைனில் வாங்கியதில் 1,460 ரூபாய். இரண்டு ராத்திரி முழித்து ஒரு துணிப் புத்தகம் தைத்தாள். குழந்தை அதை நாலு நிமிஷம் புரட்டிவிட்டு, சாமான் வந்த அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. “என்ன ஆன்ட்டி இது” என்று கேட்கும்போது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், பிள்ளைக்காகத்தானே செய்தாள்.

செலவில்லாத விளையாட்டு என்று சொல்லியே செலவு வைக்கிற காலம் இது. அதைவிட எனக்கு உறுத்துவது, எல்லாவற்றையும் அம்மாவே செய்து முடித்துவிடுவது. வெட்டுவது, ஒட்டுவது, தைப்பது எல்லாம் அவள் கையில். பிள்ளைக்கு மிச்சம் பார்ப்பது மட்டும்தான். பார்ப்பதற்குப் போனே இருக்கிறதே.

இதைச் சொல்ல எனக்கும் முழுத் தகுதி கிடையாது. எங்கள் மையத்துக்குப் பொம்மைகள் வந்தன, நல்ல பொம்மைகள்தான். உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் நான் பதில் எழுத வேண்டும் என்று பயந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்தச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தவள் நான்தான். முப்பது பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்க முடியாது. அதனால் கையில் கிடைத்ததையெல்லாம் விளையாட்டாக்க வேண்டி வந்தது. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி, கோடையில் நுங்குக் கூந்தலில் குச்சி சொருகி வண்டி, தென்னை ஓலையில் பாம்பு, கடிகாரம். வாய்க்கால் களிமண் ஒரு கூடை வந்தால் அன்றைக்கு எனக்குப் பாதி லீவு மாதிரி. பீரோ பொம்மைகளை யாரும் கேட்கவே இல்லை. அது எனக்கு வசதியாகவும் போயிற்று, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

தாம்பரம் அடுக்குமாடியில் பூவரசும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. ஆனால் சமையலறை இருக்கிறது.

பேரனுக்கு ரொம்பப் பிடித்தது தண்ணீர். பால்கனியில் ஒரு பெரிய தாம்பாளம், அதில் இரண்டு விரற்கடை தண்ணீர், இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு புனல், ஒரு டீ வடிகட்டி. அவ்வளவுதான். டம்ளரிலிருந்து டம்ளருக்கு ஊற்றுவான், பாதி வெளியே போகும். போகட்டும், செடிக்கு ஆச்சு. அன்றைக்கு வடிகட்டியில் தண்ணீர் மொண்டு டம்ளரில் ஊற்றப் பார்த்தான். வழியிலேயே எல்லாம் ஒழுகிவிடுகிறது. வடிகட்டியைக் கவிழ்த்து அடியில் பார்த்தான். திரும்ப மொண்டான். இந்தத் தடவை வேகமாகக் கொண்டுபோனான், ரெண்டு சொட்டு டம்ளரில் விழுந்தது. அடுத்த தடவை வடிகட்டிக்கு அடியில் இடது கையை ஏந்திக்கொண்டான். கடைசியில் டம்ளரையே வடிகட்டியின் அடியில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தானாக விழுவதைப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள்! இதற்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. “இப்படிப் பிடிடா” என்று சொல்லியிருந்தால் நாற்பது விநாடியில் முடிந்திருக்கும்.

ஆனால் பக்கத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வாளியில் அரையடித் தண்ணீர் இருந்தாலே தவழ்கிற, தள்ளாடி நடக்கிற பிள்ளைக்கு உயிருக்கு ஆபத்து. தலை கனம் அதிகம், உள்ளே கவிழ்ந்தால் தூக்கத் தெரியாது. விளையாட்டு முடிந்ததும் தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

மார்கழி, தை வந்தால் இன்னும் ஒரு வேலை உண்டு. பச்சை மொச்சையை உரித்து ராத்திரி ஊறப்போட்டால் காலையில் பிதுக்கம்பருப்புக்குத் தயார். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு பருப்பு வெளியே குதிக்கும். போன தையில் இவன் பிதுக்கியதில் பாதி சுவரில் போய் அடித்தது, ஒன்று அவன் தாத்தா மூக்குக்கண்ணாடியில் பட்டது. அதன் பிறகு வேண்டுமென்றே அந்தப் பக்கமே குறி வைத்தான். குழம்புக்கு என்னவோ கால் படிதான் தேறியது. கறிவேப்பிலை உருவுவதும், துணி கிளிப்பை டப்பா விளிம்பில் மாட்டுவதும் இதே ரகம்தான். இந்த வயதில் விரல் வேலை எதைக் கொடுத்தாலும் செய்யும் பிள்ளை, அது நிஜ வேலையாக இருந்தால் இன்னும் பெருமையாகச் செய்யும்.

மொச்சை என்றதும் ஒரு எச்சரிக்கை. மையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை கொடுத்து எண்ண விட்டேன். ஒரு பையன் ஒன்றை மூக்குக்குள் தள்ளிவிட்டான். நான் எடுக்கப் போய் அது இன்னும் உள்ளே போனது. சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டாக்டர் எடுத்துவிடும்வரை எனக்கு உயிர் இல்லை. அன்றிலிருந்து என் கணக்கு இது: தீப்பெட்டிக்குள் அடங்குகிற எதையும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் தனியாக விடக் கூடாது. மணி, கோலி, நிலக்கடலை, ஊதாத பலூன் எல்லாம் இதில் சேர்த்தி. மொச்சையும்தான், பிதுக்கும்போது எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக என் கையால்தான் எடுத்துக் கொடுப்பேன். பொம்மைக்குள், ரிமோட்டுக்குள் இருக்கிற பொத்தான் பேட்டரி எல்லாவற்றையும்விடக் கெட்டது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு மாவு பிசையச் சொல்லிக் கொடுத்தேன். மைதா இரண்டு டம்ளர், தூள் உப்பு ஒரு டம்ளர், எண்ணெய் இரண்டு ஸ்பூன், தண்ணீர் முக்கால் டம்ளர் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு உருண்டையில் மஞ்சள்தூள், இன்னொன்றில் பீட்ரூட் சாறு. டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் ஓடும். வாயில் வைக்கிற பிள்ளை என்றால் இது வேண்டாம், அவ்வளவு உப்பு ஆகாது. சப்பாத்திக்குப் பிசைகிறபோது ஒரு உருண்டை கிள்ளிக் கொடுத்தால் போதும். வெண்டைக்காய்க் காம்பைக் குறுக்கே நறுக்கி மாவில் அழுத்தினால் பூ விழும். அந்தக் குழந்தை நாற்பது ஐம்பது பூ வைத்தது. அம்மாவுக்கு ராத்திரி முழிப்பு இல்லை.

எதிர்வீட்டு யு.கே.ஜி. பையனுக்கு வேறு வித்தை. வெள்ளைத் தாளில் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசிக் காயவைத்தேன். சோப்பு கரைத்த தண்ணீரில் விரலைத் தொட்டு எழுதச் சொன்னால் எழுத்து சிவப்பாக வந்தது. எலுமிச்சம்பழச் சாறு தடவினால் திரும்ப மஞ்சள். சாம்பார்க் கறை பட்ட வெள்ளைச் சட்டை சோப்பு போட்டதும் சிவப்பதைப் பார்க்காத வீடு உண்டா? ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே கதைதான். அந்தப் பையன் இப்போது வீட்டில் உள்ள ஒவ்வொரு தண்ணீரையும் தொட்டுப் பார்க்கிறானாம். அவன் அம்மா என்னிடம் வந்து வருத்தப்பட்டார், மஞ்சள்தூள் டப்பா காலி என்று.

குப்பையில் போகிற சாமானில் பொம்மை செய்து காட்டிய அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து அவர் செய்கிற முக்கோணமும் சதுரமும் அருமையானவை, ஆனால் அதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. நான் பேசுவது அதற்கும் கீழே, கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத வயதைப் பற்றி.

போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது ஆகும்வரை திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. எனக்கும் தெரியும். ஆனாலும் சாதம் வடிக்கும் நேரத்தில், சுடுகஞ்சி பக்கத்தில் பிள்ளை வராமல் இருக்க, பத்து நிமிஷம் போனைக் கொடுத்து உட்கார வைக்கிறேன். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிற அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களிடம் பணம் இருக்கிறது, பத்து நிமிஷம் இல்லை. அதனால்தான் 1,460 ரூபாய் செலவாகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பக்கத்தில் வருகிற கைவேலைக் குறிப்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எந்த வயதுக்கு என்று போடுவதில்லை. வயதைப் போடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று ஒரு மூலையில் நாலு வரி ஒதுக்குங்கள். கடைக்குப் போய் வாங்க வேண்டிய சாமான் ஒன்று இருந்தால்கூட அந்தக் குறிப்பைத் தள்ளிவிடுங்கள். பிள்ளை எதைச் செய்யும், பெரியவர் எதைச் செய்யக் கூடாது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். இன்னொன்று: வழவழ காகிதத்தில் வருகிற முழுப்பக்க விளம்பரம் கிழியவும் மாட்டேன் என்கிறது, தொப்பி மடித்தாலும் நிற்காமல் விரிந்துவிடுகிறது. இது எங்கள் வீட்டு இரண்டாவது வாசகரின் புகார்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் எந்தக் கிழமை என்று முன்கூட்டித் தெரிந்தால் நல்லது. அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பீரோவில் வைத்துக்கொள்வேன். சாவி வைத்துப் பழக்கம் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர் ஒருத்தி,
தாம்பரம்.