சஃபேத்தை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் யூதர்களின் மறைஞான மரபான கபாலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மணிக்கட்டில் கட்டும் சிவப்பு நூல், எழுத்துக்கு எண் போட்டுக் கூட்டும் கணக்கு இரண்டையும் சொல்லிவிட்டு, 'ஆதிமுதல் மாறாத ரகசியம்' என்று முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

கபாலா மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. அந்தப் பெயரில் அது உருவாவதற்கு வெகுகாலம் முன்பே, எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தேரைத் தியானித்து வானத்து மாளிகைகளுக்கு ஏற முயன்றவர்கள் இருந்தார்கள். இறைவனின் பத்து வெளிப்பாடுகளைப் பேசும் கபாலா 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தெற்கு பிரான்சிலும் ஸ்பெயினிலும் உருவானது. அதன் தலையாய நூலான சோஹர், 2ஆம் நூற்றாண்டு யூத மதகுரு ரபி சிமியோன் பார் யோகாயின் பெயரில் வழங்குகிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் மோசே தெ லெயோனும் அவரைச் சேர்ந்தவர்களும் எழுதியது என்றே இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். சஃபேத் என்ற ஊரின் பெயரே கட்டுரையில் இல்லையே! 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது. அவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் பலர் கலிலேயாவில் உள்ள அந்த மலையூரில் வந்து சேர்ந்தார்கள். 1570இல் கபாலா ஞானி ஈசாக் லூரியா அங்கே வந்தார். 1572இல் கொள்ளைநோயில் இறந்தபோது அவருக்கு 38 வயது. கைப்பட எழுதியது மிகக் கொஞ்சம். அவர் சொன்னதை ஹயிம் விட்டால் என்ற சீடர்தான் எழுதிவைத்தார்.

உலகத்துக்கு இடம் தர இறைவன் தன்னையே சுருக்கிக்கொண்டான். அவன் ஒளியைத் தாங்காமல் கலங்கள் உடைந்து பொறிகள் எங்கும் சிதறின. மனிதன் செய்யும் ஒவ்வொரு அறமும் பிரார்த்தனையும் ஒரு பொறியை மீட்டெடுக்கிறது. லூரியா சொன்னது இதுதான். வீடுவாசல் இழந்து திசைக்கொருவராகப் போனவர்கள் காதில் இது எப்படி விழுந்திருக்கும்! 1492இன் துயரம்தான் இந்தச் சிந்தனைக்கு வேர் என்றார் கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம். பிற்கால ஆய்வாளர்கள் சிலர் அதை மறுக்கிறார்கள். எனக்கென்னவோ ஷோலெம் சொன்னதே மனசுக்குச் சரியாகப் படுகிறது.

வரும் இதழ்களில் சஃபேத்துக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். அங்கே வாழ்ந்த சாலமோன் அல்கபெட்ஸின் பாட்டிலிருந்து தொடங்கலாம். ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்கும் அந்தப் பாட்டை இன்றும் வெள்ளிக்கிழமை மாலைகளில் உலகெங்கும் யூதர்கள் பாடுகிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருநெல்வேலி